சத்து மாத்திரை

குற்றாலத்தில் சீஸன் களைகட்டினால் இரண்டு வகையான ஆட்கள் வந்து சேருவார்கள். தானாகக் குளிக்க வருகிறவர்கள் ஒரு வகை. குளிப்பாட்டுவதற்காக அழைத்து வரப்படுகிறவர்கள் இன்னொரு வகை.

முதல் வகையை உங்களுக்கே தெரியும். ஜூன் பிறந்து, மேற்கு மலையில் மேகம் கறுத்து, தென்காசிப் பெரிய கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ள ஆரம்பித்ததும் வேன் பிடித்து வந்துவிடுவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் ஒரு குளியல், ஐந்தருவியில் ஒரு குளியல், 'விட்டதைப் பிடிப்போம்' என்று பழைய குற்றாலத்தில் ஒரு குளியல். பிறகு பிரானூர் பார்டரில் புரோட்டாவையும் கோழியையும் ஒரு பிடி பிடித்து, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு, மறுநாள் தும்மிக்கொண்டே ஆபீஸ் போவார்கள்.

இரண்டாவது வகை கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படாது. நடுவில் ஒருத்தர். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருப்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். 'குத்தாலத் தண்ணி தலையில விழுந்தா பித்தம் தெளியும்' என்பது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற நம்பிக்கை. பித்தம் என்பது இங்கே மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அதற்கு அர்த்தம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அருவி மேல் எனக்குப் பக்தியே உண்டு. அரைமணி நேரம் தலையில் தண்ணீர் விழுந்தால் வீட்டுக் கடன்கூட மறந்துபோகிறது. ஆனால் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தீராத மனச்சோர்வு போன்ற வியாதிகள் தண்ணீரால் தெளிவதில்லை. அப்படித் தெளியும் என்றால், வருஷம் முழுக்க அருவிக்கரையிலேயே குடியிருக்கும் குற்றாலத்துக் குரங்குகள்தான் நாட்டிலேயே தெளிவான ஜீவன்களாக இருக்க வேண்டும். (நம் பையிலிருந்து வாழைப்பழத்தை உருவும் லாவகத்தைப் பார்த்தால் அதிலும் சந்தேகம் வருகிறது என்பது வேறு விஷயம்.)

தெளிய வைத்தது மாத்திரை. 1952-ல் பாரீஸில் குளோர்ப்ரோமஸின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் உலகம் முழுக்கப் பூட்டும் சங்கிலியும்தான் பெரும்பாலும் வைத்தியம். மருந்து வந்த பிறகும் நாம் சங்கிலியை முழுசாகக் கழற்றிவிடவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். அந்தச் செய்தியைப் படித்தவன் எவனுக்கும் மாத்திரைக்கு எதிராக எழுதக் கை வராது.

ஆகவே இந்த வாரம் நான் எழுதப்போவது மாத்திரைக்கு எதிராக அல்ல. மாத்திரையை ஒளித்து வைக்கிற நம் கெட்டிக்காரத்தனத்துக்கு எதிராக.

* * *

தென்காசியில் எனக்கு ஓர் அத்தை. வயது 61. கடந்த 22 வருஷமாகத் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. ஆரம்பத்தில் அத்தைக்கு யாரோ சுவருக்குப் பின்னால் பேசுவது போலக் கேட்டது. சாப்பாட்டில் என்னமோ கலந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தது. மாத்திரைக்குப் பிறகு குரல் நின்றது. அத்தை திரும்பி வந்தாள். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். பேரனுக்குச் சோறு ஊட்டினாள். அவள் வைக்கிற சொதிக்குச் சம்பந்தி வீட்டிலும் ரசிகர்கள் உண்டு.

ஆனால் மாத்திரைக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் 'சத்து மாத்திரை'. மாமா வைத்த பெயர். மகள் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் வைத்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் அத்தை மாத்திரையை வாயில் போட்டால், "சத்து மாத்திரை... ரத்தம் கம்மி!" என்பார் மாமா. நாளடைவில் அதுவே நிலைத்துவிட்டது. மருந்துக் கடைப் பையன்கூடக் குரலைத் தாழ்த்தி, "தாத்தா, சத்து மாத்திரை இந்த மாசம் ரெண்டு அட்டையா?" என்று கேட்கிற அளவுக்கு.

போன வருஷம் அத்தை விழுந்தாள். அருவிப் பாறையில் அல்ல; வீட்டுத் திண்ணைப் படியில். அரை அடி உயரம் இருந்தால் அதிகம். கையை ஊன்றினாள். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது.

எலும்பு டாக்டர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு சின்ன விழுகைக்கு இப்படி உடையக் கூடாதே... வேற ஏதாவது மாத்திரை தொடர்ந்து எடுக்கிறாங்களா?" என்று கேட்டார்.

மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஒண்ணுமில்ல சார். சத்து மாத்திரைதான்!"

22 வருஷம் சொன்ன பொய் அல்லவா, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரும் எழுதிக்கொண்டார். கேட்க வேண்டியவர் சரியான கேள்வியைக் கேட்டார். பதில்தான் பொய்யாகப் போயிற்று. கூடப் போயிருந்த அத்தை மகள், டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், "சார், அது சத்து மாத்திரை இல்ல" என்று அட்டையை மேஜையில் வைத்தாள். அட்டையில் இருந்த பெயர்: ரிஸ்பெரிடோன்.

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார்.

* * *

இதில் எலும்புக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எலும்பு என்பது ஒரு தடவை கட்டி முடித்து கிரகப்பிரவேசம் செய்துவிட்ட கட்டடம் அல்ல. பொதுப்பணித்துறை ரோடு மாதிரி எப்போதும் ஏதாவது ஒரு மூலையில் வேலை நடந்துகொண்டே இருக்கும். இடிக்கிற கோஷ்டி ஒன்று, கட்டுகிற கோஷ்டி ஒன்று. வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுசாகிறது. முப்பது வயதுவாக்கில் எலும்பு உச்ச பலத்தில் இருக்கும். அதற்குப் பிறகு கட்டுவதைவிட இடிப்பது கொஞ்சம் கொஞ்சமாக முந்தும். இரண்டு கோஷ்டியையும் கட்டி மேய்க்கிற மேஸ்திரி, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனும், அதிலிருந்து உண்டாகிற கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்வது மேஸ்திரி லீவில் போய்விடுவதால்தான்.

இனி மாத்திரைக்கு வருவோம். மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம். அதன் ஆட்டம் மிஞ்சும்போது இல்லாத குரல் கேட்கிறது, வேண்டாத சந்தேகம் வருகிறது. மாத்திரை டோபமினை அடக்குகிறது. நல்லதுதான். ஆனால் டோபமினுக்குப் பார்ட் டைமாக இன்னொரு வேலையும் இருக்கிறது. ப்ரோலாக்டின் என்கிற, தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோனை வாலாட்ட விடாமல் பார்த்துக்கொள்வது. வகுப்பில் வாத்தியார் வாயைக் கட்டிவிட்டால் பையன்கள் என்ன செய்வார்கள்? ப்ரோலாக்டின் எழுந்து ஆடும். அது ஏறினால் ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும். மேஸ்திரி வேலைக்கு வராவிட்டால், இடிக்கிற கோஷ்டிக்கு ஓவர்டைம்.

எல்லா மருந்தும் இப்படி அல்ல. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு, பழைய ஹாலோபெரிடால், குளோர்ப்ரோமஸின் ஆகியவை ப்ரோலாக்டினை ஏற்றக் கூடியவை. குளோஸபின், குவெட்டியாபின் அவ்வளவாக ஏற்றுவதில்லை. அரிபிப்ரஸோல் இறக்கவே செய்யும். ஆனால் எது யாருக்குச் சரிப்படும் என்பது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. பஸ் ஸ்டாண்டில் ரூட் கேட்பது போலப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு மாற்றுகிற சமாசாரம் இல்லை.

இதற்கு ஓர் எச்சரிக்கை மணி உண்டு. அத்தையிடம் கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டுச் சொன்னாள்: "அது அப்பவே நின்னு போச்சுய்யா. மாத்திரை ஆரம்பிச்ச மறு வருசமே. அப்ப எனக்கு நாப்பதுதான். சனியன் விட்டுதுன்னு நான் சந்தோசப்பட்டேன். ஆம்பள டாக்டர்ட்ட இதைப் போயி எப்படிச் சொல்ல?"

நாற்பது வயதில் மாதவிலக்கு நின்றது லாபம் அல்ல. எலும்பு பாங்கியிலிருந்து யாரோ பணம் எடுக்கிறார்கள் என்பதற்கான தந்தி. தவிர, குழந்தை பெறாத நேரத்தில் மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது, தாம்பத்தியத்தில் நாட்டம் அறவே போய்விடுவது - எல்லாமே அதே தந்திதான். இவற்றை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படக் கூடாது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் அளவு தெரிந்துவிடும்.

* * *

மற்ற மாத்திரைகளையும் பார்த்துவிடலாம்.

மனச்சோர்வுக்குத் தருகிற ஃபுளுவாக்ஸடின், செர்ட்ராலின் வகையறா: 2007-ல் கனடாவில் 50 வயது தாண்டிய சுமார் ஐயாயிரம் பேரை ஐந்து வருஷம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு வந்தது. இவ்வகை மாத்திரையைத் தினமும் எடுத்தவர்களுக்குச் சின்ன விழுகையிலேயே எலும்பு முறிகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பழி முழுக்க மாத்திரைக்கே என்றும் சொல்ல முடியாது. சோர்ந்து கிடப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, நடப்பதில்லை, வெயிலுக்கு வருவதில்லை. சோர்வே எலும்பைத் தின்னும்.

வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தருகிற கார்பமஸபின், வலிப்புக்குத் தருகிற ஃபெனிடாயின்: இவை கல்லீரலை முடுக்கிவிட்டு வைட்டமின் டி-யைச் சீக்கிரமே காலி செய்ய வைக்கின்றன. வைட்டமின் டி இல்லாமல் கால்ஷியம் உடம்பில் ஒட்டாது.

தூக்க மாத்திரைகள்: எலும்பை இவை நேராகத் தொட வேண்டியதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் போகிறவரைத் தள்ளாட வைத்தாலே போதும்.

லித்தியத்துக்கு மட்டும் நல்ல பேர். 2022-ல் டென்மார்க்கில் இருமுனைக் கோளாறு உள்ளவர்களைப் பற்றி வந்த பெரிய ஆய்வில், லித்தியம் எடுத்தவர்களுக்கு எலும்புத் தேய்மானம் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் சிலருக்கு லித்தியம் ரத்தத்தில் கால்ஷியத்தை ஏற்றிவிடும். ஆகவே லித்தியம் சாப்பிடுகிறவர் 'கால்ஷியம் நல்லதுதானே' என்று கேட்காமல் கொள்ளாமல் கால்ஷியம் மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.

* * *

இதையெல்லாம் டாக்டர் விளக்கியதும் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அத்தையின் மூத்த மகன், என் அத்தான், ஊரிலிருந்து வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். ஒரேயடியாகத் தீர்ப்புச் சொன்னார்: "அப்பம் அந்த மாத்திரைய இன்னைக்கே நிப்பாட்டுங்க!"

நம் ஆட்களுக்கு இரண்டே கியர்தான். ஒன்று, மூடி மறைப்பது. இல்லாவிட்டால் தூக்கிக் குப்பையில் போடுவது.

மாமா தலையாட்டினார். பக்கத்து வீட்டு ஆச்சி தலையாட்டினாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைதான் தலையாட்டவில்லை.

"எலும்பு ஒடிஞ்சா மாவுக்கட்டு போடலாம்ய்யா. புத்தி ஒடிஞ்சா எதுல கட்டுப் போடுவிய? அந்தக் குரல் மறுபடி கேட்டுச்சுன்னா நான் இந்தப் படியில விழ மாட்டேன், கெணத்துலதான் விழுவேன். எனக்கு ரெண்டும் வேணும். புத்தியும் வேணும், எலும்பும் வேணும். டாக்டருமாருட்ட அதைக் கேட்டுச் சொல்லுங்க, போங்க."

22 வருஷத்தில் அத்தை தன் வியாதியைப் பற்றி வீட்டுக் கூடத்தில் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அத்தை சொன்னதுதான் வைத்திய சாஸ்திரமும் சொல்வது. மனநல மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக் கூடும்; திரும்பும்போது முன்னைவிட முரட்டுத்தனமாகவும் வரலாம். அளவைக் குறைப்பதும் வேறு மருந்துக்கு மாற்றுவதும் படிப்படியாக, மனநல டாக்டரின் கண் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

அத்தைக்கு அதுதான் நடந்தது. ரத்தத்தில் ப்ரோலாக்டின், வைட்டமின் டி, கால்ஷியம் பார்த்தார்கள். 'டெக்ஸா' என்ற ஸ்கேன் எடுத்தார்கள். வலிக்காது, ஊசி கிடையாது, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் 'டி ஸ்கோர்' என்று ஒரு நம்பர் வரும். இளமையான ஆளின் எலும்போடு உங்கள் எலும்பை ஒப்பிட்டுப் போடுகிற மார்க். மைனஸ் 1 வரை பாஸ். மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் போனால் ஆஸ்டியோபொரோஸிஸ் - எலும்புப் புரை. 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. அத்தை மைனஸ் மூன்றைத் தொட்டிருந்தாள்.

இரண்டு டாக்டர்களும் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிக்கொண்டார்கள். மன மருந்தைச் சில மாதங்களில் மெல்ல மாற்றினார்கள். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, காப்பியும் கூடாது. வெள்ளிக்கிழமை விரதத்தோடு அத்தை அதைச் சேர்த்துக்கொண்டாள். காப்பி இல்லாத அந்த அரைமணி நேரம்தான் பெரிய தண்டனை என்கிறாள்.

* * *

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 'நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?' என்று நினைப்போம். வெயில் கொளுத்துகிற திருப்பதி வட்டாரத்திலேயே ஆய்வு செய்து, ஆரோக்கியமான ஜனங்களில் நிறையப் பேருக்கு வைட்டமின் டி போதாது என்று 2007-ல் எழுதினார்கள். டவுன்காரர்கள் நிலைமை கிராமத்தாரைவிட மோசம். வெயில் இருந்தால் போதுமா? தோலில் பட வேண்டாமா? நம் கறுப்புத் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேறு தேவை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காய்வதில் பிரயோஜனம் இல்லை. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் சூரியனே கேஷுவல் லீவ்.

மனநோய் உள்ளவர்களை நாம் என்ன செய்கிறோம்? யாரும் பார்த்துவிடக் கூடாது என்று உள்ரூமில் வைக்கிறோம். மாத்திரை ஒரு பங்கு எலும்பைத் தின்றால், அந்த உள்ரூம் இன்னொரு பங்கைத் தின்கிறது. வாசலில் நாற்காலி போடுங்கள். தெருவில் நடக்க விடுங்கள். எலும்புக்கு நடை மாதிரி உரம் கிடையாது. (குளோர்ப்ரோமஸின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும், அவர்கள் டாக்டரைக் கேட்டு, அளவோடு.)

சாப்பாடு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் கால்ஷியம் வேண்டும் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லியிருக்கிறது. நூறு கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் தேறுவதே கஷ்டம். அதே நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350. பால், தயிர், எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்கிற சின்ன மீன் எல்லாம் தோழர்கள். பீடி, சிகரெட், குடி மூன்றும் எதிரிகள்.

கடைசியாக அருவி. நீர் விழுந்தால் அழகு. நாம் விழுந்தால் செலவு. எலும்பு பலமில்லாதவர்கள் பாசிப் பாறையில் கால் வைக்காமல், பலத்த தண்ணீருக்கு நடுவே முதுகைக் கொடுக்காமல், ஓரமாக நின்று பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு குளிக்கட்டும். மசாஜ்காரர் பிரியமாகக் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்க வந்தால், "எண்ணெய் மட்டும் போதும் அண்ணாச்சி" என்று கும்பிடு போட்டுவிடுங்கள். வீட்டிலும் அப்படித்தான். படுக்கையிலிருந்து சடக்கென்று எழுந்திருக்கக் கூடாது. சில மனநல மாத்திரைகள் எழும்போது ரத்த அழுத்தத்தைக் கீழே இறக்கித் தலையைச் சுற்ற வைக்கும். பாத்ரூமுக்கு ஒரு விடிவிளக்கு. காலைத் தட்டுகிற மிதியடிக்கு விடை கொடுங்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1996-ல் நாட்டில் ஆரம்பித்த மாவட்ட மனநலத் திட்டம் இப்போது தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பெரிய விசாரணைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

உங்கள் வீட்டில் யாராவது வருஷக்கணக்கில் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சின்னக் காகிதத்தில் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருஷமாக என்று எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டரோ, எலும்பு டாக்டரோ, கண் டாக்டரோ, யார் கேட்டாலும் அதை நீட்டுங்கள். மனநல டாக்டரிடம் போகும்போது, "சார், எலும்பைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி கேட்டால், எதிர்வீட்டுக்காரர் கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்டால் 'சத்து மாத்திரை' என்றே சொல்லிக்கொள்ளுங்கள். அது உங்கள் இஷ்டம். டாக்டர் கேட்டால் மட்டும் அட்டையைக் காட்டிவிடுங்கள்.